ஆஷ்பர்னுக்கு மேயர் கிடையாது: அமெரிக்கக் கவுன்டி அரசாங்கம், ஓர் எளிய அறிமுகம்

போன குளிர்காலத்தில், எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த தம்பி ஒருவர் போன் செய்தார். அவர் வீட்டுக்குப் பின்னால் மரங்களை வெட்டி நிலத்தைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கணினிகளை வரிசை வரிசையாக அடுக்கிவைக்கும் டேட்டா சென்டர் வரப்போகிறது என்று பேச்சு. "அண்ணா, நம்ம ஆஷ்பர்ன் மேயருக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு மெயில் போட்டா என்ன?" என்றார். "ஆஷ்பர்னுக்கு மேயரே கிடையாதுப்பா" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

கிண்டல் இல்லை. வர்ஜீனியா மாநிலத்தில், வாஷிங்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஆஷ்பர்ன், சட்டப்படி ஒரு நகரமே அல்ல. தபால் முகவரியில் வரும் பெயர், அவ்வளவுதான். நகராட்சி மன்றம் இல்லை, மேயர் இல்லை, ஊருக்கென்று தனி வரியும் இல்லை. பக்கத்து ஸ்டெர்லிங், சவுத் ரைடிங், ஃபேர்ஃபாக்ஸ் பக்கம் ரெஸ்டன், டைசன்ஸ் எல்லாம் இதே கதைதான். வானளாவிய கட்டடமும் மெட்ரோ ரயிலும் இருக்கும், ஊராட்சி இருக்காது. இந்த ஊர்களுக்கெல்லாம் அரசாங்கம் என்றால் அது கவுன்டிதான். ஆஷ்பர்னுக்கு லவுடன் கவுன்டி.

பத்து வருடமாக அமெரிக்காவில் இருக்கிற நம்மவர்களிடம் கேட்டுப் பாருங்கள். செனட்டில் யாருக்கு எத்தனை இடம் என்று சொல்வார்கள். தமிழ்நாட்டில் எந்தக் கட்சி யாரோடு கூட்டணி சேரும் என்று வகுப்பே எடுப்பார்கள். தன் கவுன்டி வாரியத்தில் தன் பகுதிக்கு உறுப்பினர் யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். நானும் அப்படித்தான் இருந்தேன். வீட்டு வரி, பிள்ளை படிக்கும் பள்ளிக்குப் போகும் பணம், பின்கட்டில் என்ன கட்டடம் வரும் என்பது, ஹோட்டலில் தோசைக்கு மேல் விழும் வரி எல்லாம் அந்த வாரியத்தின் கையில் இருக்கிறது என்று தெரிய ரொம்ப நாளாயிற்று.

மாவட்டம் மாதிரியா?

கவுன்டி என்றால் மாவட்டம் என்றுதான் மொழிபெயர்க்கிறோம். நிலப்பரப்பாகப் பார்த்தால் சரி. ஆட்சியாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் உண்டு. நம் ஊரில் கலெக்டர் மேலிருந்து வருகிறார். மாநில அரசு அனுப்புகிறது, மாநில அரசே மாற்றுகிறது. மனுநீதி நாளில் அவரிடம் மனு கொடுக்கலாம், ஓட்டுப் போட்டு அவரை இறக்க முடியாது. கவுன்டியில் முடிவெடுப்பவர்களை அங்கே குடியிருப்பவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கலெக்டரைப் போல ஒருவரைத் தேடினால் கவுன்டி நிர்வாகி என்று ஒருவர் கிடைப்பார். ஆனால் அவர் வாரியம் சம்பளம் கொடுத்து அமர்த்தும் அதிகாரி. வாரியத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடும்.

அமெரிக்கா முழுக்க மூவாயிரத்துக்கும் அதிகமான கவுன்டிகள் இருக்கின்றன. இதில் ஒழுங்கு எதையும் எதிர்பார்க்காதீர்கள். டெக்சாஸில் 254, டெலவேரில் மூன்றே மூன்று. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். டெக்சாஸின் லவிங் கவுன்டியில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 64 பேர். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கே அதைவிடக் கூட்டம் உட்காரும். லூசியானாவில் இதையே 'பாரிஷ்' என்கிறார்கள், அலாஸ்காவில் 'பரோ'. கனெக்டிகட் 1960-லேயே கவுன்டி அரசாங்கத்தைக் கலைத்துவிட்டது. ரோட் ஐலண்டிலும் கவுன்டி என்பது வரைபடத்தில் உள்ள கோடுதான். நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்களோ அதன் வழக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தது வர்ஜீனியா என்பதால் இங்கே அதையே வைத்துச் சொல்கிறேன்.

வர்ஜீனியாவில் 95 கவுன்டிகளும் 38 தனி நகரங்களும் உண்டு. தனி நகரம் என்றால் எந்தக் கவுன்டியிலும் சேராதது. மனாசஸ் நகரம் பிரின்ஸ் வில்லியம் கவுன்டியின் நடுவில் தீவு மாதிரி கிடக்கிறது, ஆனால் கவுன்டியின் பகுதி அல்ல. லீஸ்பர்க் அப்படி இல்லை. அது லவுடனுக்கு உள்ளே இருக்கும் டவுன். அதற்கு மேயர் உண்டு. அங்கே வீடு வாங்கினால் கவுன்டி வரி ஒன்று, டவுன் வரி ஒன்று என்று இரண்டும் கட்ட வேண்டும்.

யாரைத் திட்ட வேண்டும்?

லவுடன் கவுன்டி வாரியத்தில் ஒன்பது பேர். எட்டுப் பகுதிகளுக்கு ஒவ்வொருவர், முழுக் கவுன்டிக்கும் சேர்த்து ஒரு தலைவர். இவர்களுக்குப் பதவிப் பெயர் சூப்பர்வைசர். கட்டட வேலை நடக்கும் இடத்தில் குடை பிடித்து நிற்பவரை நாம் அழைக்கும் அதே சொல்தான். அதனாலேயே பலருக்கு இது ஒரு பெரிய பதவி என்று தோன்றுவதில்லை. டெக்சாஸில் வாரியத்தின் தலைவரைக் 'கவுன்டி ஜட்ஜ்' என்பார்கள். அவர் செய்வது பெரும்பாலும் நிர்வாக வேலை. நியூ ஜெர்சியில் உறுப்பினர்களை ஃப்ரீஹோல்டர் என்று அழைத்துவந்து, 2021-இலிருந்து கமிஷனர் என்று மாற்றிக்கொண்டார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஏறக்குறைய ஒன்று: வரி விகிதம் நிர்ணயிப்பது, பட்ஜெட் போடுவது, எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று தீர்மானிப்பது.

வாரியத்துக்கு வெளியேயும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஷெரிஃப் ஓட்டு வாங்கி வருபவர். அரசு வழக்கறிஞரும் அப்படியே. வரி வசூலிக்கும் பொருளாளரும் அப்படியே. இவர்களுக்கு வாரியம் பணம் ஒதுக்கலாம், உத்தரவு போட முடியாது. ஷெரிஃப் என்ற சொல் சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. அங்கேயும் ஒரு காலத்தில் ஷெரீப் என்ற கௌரவப் பதவி இருந்தது, விழாக்களுக்கு அழைப்பார்கள். இங்கே அவர் துப்பாக்கியும் சிறைச்சாலையும் உள்ள ஆள். லவுடனில் காவல் வேலை பெரும்பாலும் ஷெரிஃப் அலுவலகத்துடையது. பக்கத்துப் பிரின்ஸ் வில்லியத்தில் கவுன்டி போலீஸ் தனியாக இருக்கிறது, ஷெரிஃப் நீதிமன்றக் காவல் மாதிரியான வேலைகளைப் பார்க்கிறார்.

பள்ளிக்கூடத்துக்கு வேறு வாரியம். இங்கேதான் எல்லாரும் குழம்புவார்கள். பாடத்திட்டம், எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்ற எல்லை, ஆசிரியர் நியமனம் எல்லாம் பள்ளி வாரியம். ஆனால் வர்ஜீனியாவில் பள்ளி வாரியத்துக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. கவுன்டி வாரியம் கொடுப்பதையும் மாநிலம் கொடுப்பதையும் வைத்துத்தான் குடும்பம் நடத்த வேண்டும். அதனால் பள்ளி எல்லையை மாற்றிவிட்டார்கள் என்று சூப்பர்வைசரிடம் போய்க் கத்தினால் அவர் உச்சுக்கொட்டிவிட்டு அனுப்பிவிடுவார். ஆசிரியர் சம்பளம் போதவில்லை என்று பள்ளி வாரியத்திடம் முறையிட்டால் அவர்கள் எதிர்க் கட்டடத்தைக் காட்டுவார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

சாலை விஷயம் இன்னும் வேடிக்கை. பனி பெய்து தெருவில் வண்டி எடுக்க முடியாமல் போகிற அன்றைக்கெல்லாம், "இவ்வளவு வரி வாங்குற கவுன்டி என்னதான் பண்ணுது?" என்று யாராவது பொங்குவார்கள். வர்ஜீனியாவில் ஏறக்குறைய எல்லாக் கவுன்டிகளிலும் சாலையைப் பராமரிப்பது மாநிலப் போக்குவரத்துத் துறை. 1932-இல் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் வந்த ஒரு சட்டம் கவுன்டிச் சாலைகளை மாநிலத்தின் தலையில் கட்டிவிட்டது. ஆர்லிங்டனும் ஹென்ரைகோவும் மட்டும் தங்கள் சாலையைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. உங்கள் தெரு குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தமான தனியார் தெருவாக இருந்தால் மாநிலமும் வராது, மாதச் சந்தா வாங்கும் சங்கம்தான் ஆள் வைத்துப் பனி அள்ள வேண்டும்.

மாநிலம் வைத்த வேலி

கவுன்டி தன் இஷ்டத்துக்கு எதையும் செய்துவிட முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் அயோவா மாநிலத்தில் ஜான் டில்லன் என்றொரு நீதிபதி இருந்தார். ஊராட்சிகளுக்கு மாநிலம் வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரமும் அதற்கு இன்றியமையாத அதிகாரமும் மட்டுமே உண்டு, சந்தேகம் வந்தால் இல்லை என்றே கொள்ள வேண்டும் என்பது அவர் சொன்ன கொள்கை. வர்ஜீனியா இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேறு சில மாநிலங்கள் கவுன்டிக்குக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி விட்டிருக்கின்றன.

ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியின் உணவக வரி இதற்கு நல்ல உதாரணம். உணவகத்தில் சாப்பிடுவதற்குத் தனி வரி போட வேண்டுமென்றால் முன்பெல்லாம் கவுன்டி மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். ஃபேர்ஃபாக்ஸ் மக்கள் 1992-இலும் 2016-இலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 2020-இல் மாநிலம் சட்டத்தை மாற்றி, வாக்கெடுப்பு இல்லாமலே கவுன்டிகள் இந்த வரியைப் போடலாம் என்றது. 2025-இல் ஃபேர்ஃபாக்ஸ் வாரியம் 4 சதவீத வரியை நிறைவேற்றியது. 2026 ஜனவரி 1 முதல் நடைமுறை. இரண்டு தடவை வேண்டாம் என்று சொன்ன பிறகு மூன்றாவது தடவை கேட்காமலே போட்டுவிட்டார்களே என்று கோபப்படலாம், அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் கதவைத் திறந்துவிட்டது மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாரியத்தின் பக்க நியாயமும் ஒன்று இருக்கிறது: வீட்டு வரி ஒன்றையே நம்பிக்கொண்டிருந்தால் அதை ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும், வெளியூர்க்காரர் சாப்பிட்டுவிட்டுப் போகும் பில்லிலும் கொஞ்சம் வரட்டுமே என்பது.

வரியைக் குறைத்தோம், பில் ஏறியது

சொத்து வரி இரண்டு எண்களால் ஆனது. ஒன்று, கவுன்டி உங்கள் வீட்டுக்குப் போடும் மதிப்பு. இன்னொன்று, அந்த மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் எவ்வளவு என்ற விகிதம். விகிதத்தை வாரியம் ஓட்டெடுத்து முடிவு செய்கிறது. மதிப்பை ஓர் அலுவலகம் சந்தை விலையைப் பார்த்துப் போடுகிறது.

லவுடனில் 2023-இல் விகிதம் 87.5 சென்ட், 2024-இல் 86.5 சென்ட். குறைந்திருக்கிறது. ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முதல் வருடம் மதிப்பு 7,00,000 டாலர் என்றால் வரி 6,125 டாலர். அடுத்த வருடம் சந்தை ஏறி மதிப்பு 7,60,000 ஆகிறது. குறைந்த விகிதத்தில் கணக்குப் போட்டாலும் 6,574. சூப்பர்வைசர் "நாங்கள் வரியைக் குறைத்தோம்" என்று செய்திமடல் அனுப்புவார். வீட்டுக்காரர் பில்லைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். இருவர் சொல்வதும் உண்மை. அடுத்த முறை யாராவது விகிதத்தை மட்டும் சொல்லிப் பெருமைப்பட்டால், பில்லைக் கேளுங்கள்.

கோபத்தை எங்கே கொண்டுபோவது என்பதும் இந்த இரண்டு எண்களைப் பொறுத்தது. விகிதம் பிடிக்கவில்லை என்றால் வாரியம். மதிப்பு தப்பு என்றால் அந்த அலுவலகத்தில் மேல்முறையீடு. முன்பு வேறொரு மாநிலத்தில் இருந்தபோது எங்கள் வீட்டு மதிப்பு திடீரென்று எகிறியது. இரண்டு வாரம் திட்டித் தீர்த்த பிறகுதான் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். எங்கள் நிலவறையை முழுக்க வேலை முடிந்த அறை, கழிவறை வசதியுடன் என்று எழுதி வைத்திருந்தார்கள். அங்கே இருந்ததோ வெறும் சிமென்ட் தரையும், சுவருக்கு அடித்த மரச்சட்டங்களும், ஊரிலிருந்து வந்த பெட்டிகளும். நாலு போட்டோ எடுத்து, ஒரு பக்கப் படிவத்தோடு அனுப்பினேன். திருத்திவிட்டார்கள். அதற்கு முன்பு நான் வாரியக் கூட்டத்துக்குப் போய்ப் பேசியிருந்தால் ஒரு காசு குறைந்திருக்காது.

விகிதத்துக்கும் ஒரு பருவம் உண்டு. வடக்கு வர்ஜீனியாவில் நிர்வாகி உத்தேச பட்ஜெட்டை வாரியத்தின் முன் வைப்பது பெரும்பாலும் பிப்ரவரியில். அப்புறம் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டங்கள், வசந்த காலத்தில் வாக்கெடுப்பு, ஜூலை 1 முதல் புது நிதியாண்டு. நடுவில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது: வாரியம் ஒரு விகிதத்தை முன்கூட்டியே விளம்பரப்படுத்த வேண்டும். அதற்குக் கீழே இறங்கலாம், அதைத் தாண்டி ஏற முடியாது. அதாவது உச்சவரம்பு எது என்பது அந்த விளம்பரத்திலேயே முடிவாகிவிடுகிறது. பில் வந்த பிறகு வரும் கோபம் அடுத்த வருடத்துக்குத்தான் பயன்படும்.

நிலம்தான் பெரிய சண்டை

கவுன்டி அரசியலில் கை கலக்காத குறையாகச் சண்டை நடப்பது நிலத்துக்காகத்தான். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு மண்டலம் குறித்திருப்பார்கள். இது வீட்டுக்கு, இது கடைக்கு, இது தொழிற்சாலைக்கு, இது விவசாயத்துக்கு என்று. ஜோனிங் என்பார்கள். ஒரு மண்டலத்தில் சில வகைக் கட்டடங்களை விதிகளுக்கு உட்பட்டு உரிமையாகவே கட்டிக்கொள்ளலாம். அதற்கு வாரியத்தின் ஓட்டு தேவையில்லை, மக்களிடம் கருத்துக் கேட்கவும் வேண்டாம். ஆங்கிலத்தில் இதைப் 'பை-ரைட்' என்பார்கள். மற்றவற்றுக்குச் சிறப்பு அனுமதியோ மண்டல மாற்றமோ வாங்க வேண்டும். அப்போதுதான் கூட்டம், அறிவிப்பு, பேச்சு எல்லாம்.

லவுடனில் பல இடங்களில் டேட்டா சென்டர் இப்படி உரிமையாகவே கட்டக்கூடிய ஒன்றாக இருந்தது. அதன் விளைவு, ஆஷ்பர்னைச் சுற்றி ஜன்னல் இல்லாத பெட்டிகளாக அவை நெருங்கி எழும்பி, உலகிலேயே டேட்டா சென்டர்கள் மிக அதிகமாகக் குவிந்த இடம் என்ற பெயர் வந்தது. 2025 மார்ச்சில்தான் வாரியம் அந்த உரிமையை எடுத்தது. இனி ஒவ்வொன்றும் சிறப்பு அனுமதிக்கு வாரியத்தின் முன் வர வேண்டும். ஏற்கெனவே விண்ணப்பம் நடந்துகொண்டிருந்த பலவற்றுக்கு விலக்கும் கொடுத்தார்கள். எங்கள் தெருத் தம்பியின் பின்கட்டு நிலம் பழைய விதிப்படி முன்பே அனுமதி வாங்கியது. மரம் வெட்டும் சத்தம் கேட்டபோது, கருத்துச் சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை.

வாரியத்தைக் குறை சொல்வது சுலபம். இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். டேட்டா சென்டருக்குள் இருக்கும் கணினிகளுக்கு லவுடன் வரி போடுகிறது, 100 டாலருக்கு 4.15 டாலர். அந்தப் பணம் வருவதால் வீட்டு வரி விகிதம் இறங்கியது. 2025-இல் லவுடன் விகிதம் 80.5 சென்ட், பக்கத்து ஃபேர்ஃபாக்ஸில் ஒரு டாலர் 12.25 சென்ட். எட்டு லட்சம் டாலர் வீட்டுக்கு இங்கே 6,440, அங்கே 8,980. கட்டடத்துக்குள் பிள்ளைகள் இல்லை, அதனால் பள்ளி கட்ட வேண்டாம். நெரிசலும் அதிகம் இல்லை. மறுபக்கம், இரவெல்லாம் விசிறிகளின் உறுமல், அவசரத்துக்கு டீசல் ஜெனரேட்டர்கள், வீடுகளுக்கு மேலே ஓடும் உயர் அழுத்த மின்கம்பிகள். கணினி பழசாகப் பழசாக மதிப்பு இறங்கும் என்பதால் அந்த வருமானமும் நிலையில்லாதது. என் சொந்த அபிப்பிராயம்: உரிமையை எடுத்தது சரி, பத்து வருடம் தாமதம். ஆனால் டேட்டா சென்டரே வேண்டாம் என்பவர் அந்த 2,540 டாலர் வித்தியாசத்தையும் தன் பையிலிருந்து கட்டத் தயாரா என்று ஒருமுறை கண்ணாடி முன் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இருபத்தேழு மணி நேரக் கூட்டம்

ஒரு கவுன்டி முடிவு எப்படிப் பிறந்து, எப்படி முட்டி மோதுகிறது என்று முழுதாகப் பார்க்கப் பக்கத்துப் பிரின்ஸ் வில்லியம் கவுன்டிக்குப் போவோம். அங்கே பேஜ்லேண்ட் லேன் என்றொரு கிராமத்துச் சாலை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861-இலும் 1862-இலும் இரண்டு பெரிய சண்டைகள் நடந்த மனாசஸ் போர்க்களம், இப்போது தேசியப் பூங்கா, அதை ஒட்டி இருக்கிறது. அந்த வட்டாரத்துக்குப் பெருந்திட்டங்களோடு மல்லுக்கட்டுவது புதிதல்ல. 1993-இல் டிஸ்னி நிறுவனம் அருகிலேயே ஒரு வரலாற்றுக் கேளிக்கைப் பூங்கா கட்டப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் 1994-இல் கைவிட்டது.

பேஜ்லேண்ட் லேன் பகுதியில் சுமார் 2,100 ஏக்கரை டேட்டா சென்டர்களுக்கு ஒதுக்கும் திட்டத்துக்கு டிஜிட்டல் கேட்வே என்று பெயர். இந்தத் திட்டம் வேண்டும் என்று கேட்டவர்களில் அங்கே வீடு வைத்திருந்தவர்களே நிறையப் பேர். ஏற்கெனவே மின்கம்பிக் கோபுரங்கள் தங்கள் நிலத்தின் வழியே போய்விட்டன, இனி இங்கே கிராம அமைதி என்ன வாழ்கிறது, நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போகிறோம் என்பது அவர்கள் வாதம். சுற்றியிருந்தவர்கள் போர்க்களம், குடிநீர், இரைச்சல் என்று எதிர்த்தார்கள். அப்பகுதி சூப்பர்வைசருக்கே திட்டப் பகுதியில் வீடு இருந்தது. சொந்த லாபம் உள்ள விஷயத்தில் ஓட்டுப் போடக் கூடாது என்பதால் ஒதுங்கினார், கடைசியில் பதவியையே விட்டார்.

இனி படிகளைக் கவனியுங்கள். முதலில் 2022 நவம்பரில், கவுன்டியின் நீண்டகாலத் திட்ட வரைவை வாரியம் மாற்றியது. இது வெறும் எதிர்கால வரைபடம் என்று பலர் அசட்டையாக இருந்துவிடும் கட்டம், உண்மையில் தலைவிதி பாதி இங்கேயே எழுதப்பட்டுவிடும். அடுத்து 2023 ஜூன். கட்சிக்குள் நடக்கும் முதல்கட்டத் தேர்தலில் திட்டத்தை ஆதரித்த வாரியத் தலைவர் ஆன் வீலர், எதிர்த்துப் பேசிய டெஷன்ட்ரா ஜெஃபர்சனிடம் தோற்றார். நவம்பர் பொதுத் தேர்தலில் ஜெஃபர்சனே வென்றார். அதே நவம்பரில் திட்டக் குழு, மண்டல மாற்றம் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. திட்டக் குழு சொல்வது ஆலோசனைதான், வாரியத்தைக் கட்டுப்படுத்தாது.

புது வாரியம் ஜனவரியில் பதவியேற்க வேண்டும். பழைய வாரியம் டிசம்பர் 12-ஆம் தேதி கூட்டத்தைக் கூட்டியது. ஏறக்குறைய 400 பேர் பேசினார்கள். ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் பகல் என்று சுமார் 27 மணி நேரம். நம் ஊர்த் தெருக்கூத்துகூட விடிந்ததும் முடிந்துவிடும். கடைசியில் ஓட்டு நாலுக்கு மூன்று, ஒருவர் எந்தப் பக்கமும் போடவில்லை. திட்டம் நிறைவேறியது.

சட்டப்படி அவர்களுக்கு டிசம்பர் 31 வரை அதிகாரம் இருந்தது, உண்மை. ஆனால் தலைவரை மக்கள் மாற்றிவிட்ட பிறகு, கிளம்பும் நேரத்தில் இவ்வளவு பெரிய முடிவை எடுத்தது எனக்கு முறையாகப் படவில்லை. வீட்டைக் காலி செய்கிறவர், போகும்போது கொல்லையில் கிணறு வெட்டிவிட்டுப் போன மாதிரி.

கதை அதோடு முடியவில்லை. பக்கத்துக் குடியிருப்போர் சங்கம் நீதிமன்றம் போனது. 2025 ஆகஸ்டில் நீதிபதி அந்த மண்டல மாற்றம் செல்லாது என்றார். போர்க்களத்தைக் காட்டியோ தண்ணீரைக் காட்டியோ அல்ல. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கான செய்தித்தாள் அறிவிப்பு, சட்டம் சொன்ன முறைப்படி வெளியாகவில்லை என்பதுதான் காரணம். விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது. 27 மணி நேரப் பேச்சால் ஆகாதது, செய்தித்தாளில் ஒரு மூலையில் வரும் பொடி எழுத்து விளம்பரத்தால் ஆயிற்று. கல்யாணம் தடபுடலாக நடந்து, பத்திரிகையில் தேதி தப்பு என்று செல்லாமல் போனது போல.

மூன்று நிமிடம்

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒருவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம். மைக் முன்னால் போக்குவரத்து விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு எரியும். நான் முதல் தடவை பேசப் போனது ஒரு பள்ளி அருகே நடைபாதை வேண்டுமென்று கேட்க. மேடைப் பேச்சுப் பழக்கம் விடுமா? தலைவருக்கு வணக்கம், உறுப்பினர்களுக்கு வணக்கம், இந்த நாட்டுக்கு வந்து எத்தனை வருடம் ஆயிற்று, இங்குள்ள ஜனநாயகம் எவ்வளவு உயர்ந்தது... தலையைத் தூக்கினால் மஞ்சள் விளக்கு. நடைபாதை என்ற சொல்லையே நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

எனக்கு அடுத்துப் பேசிய வயதான அம்மா ஒரு காகிதத்தைப் பார்த்து வாசித்தார். விண்ணப்ப எண்ணைச் சொன்னார். தெருப் பெயரைச் சொன்னார். அங்கே மழைநீர் எந்தப் பக்கம் ஓடி யார் வீட்டுக் கொல்லையில் நிற்கிறது என்றார். வடிகாலை இத்தனை அடி தள்ளிப் போடும்படி நிபந்தனை வைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று முடித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த உறுப்பினர் ஒருவர் நிமிர்ந்து, அதிகாரியிடம் அந்த வடிகாலைப் பற்றிக் கேள்வி கேட்டார்.

திட்டமே வேண்டாம் என்பதைவிட, இன்ன நிபந்தனை வேண்டும் என்று கேட்பதில் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். கட்டடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, எத்தனை வரிசை மரம், இரவில் எவ்வளவு சத்தம் என்பதெல்லாம் மண்டல மாற்றத்தின்போது பேரம் பேசக்கூடியவை. கூட்டத்துக்குப் போக முடியாவிட்டால் மின்னஞ்சல் போடலாம். முந்நூறு பேர் ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்பினால் அலுவலக உதவியாளர் அதை ஒரே வகையாக எண்ணி வைத்துவிடுவார். உங்கள் தெருவின் பெயரோடு பத்து வரியில் நீங்களே எழுதியது வேறு மாதிரி படிக்கப்படும்.

நம்மவர்கள் பலர் தயங்குவது வேறு காரணத்துக்காக. "நமக்கு ஓட்டே இல்லையே, நாம போய் என்ன பேசறது?" என்பார்கள். வர்ஜீனியாவில் ஓட்டுப் போடக் குடியுரிமை வேண்டும், அது சரி. பேசுவதற்கு அது தேவையில்லை. மைக் முன்னால் பெயரையும் எந்தப் பகுதியில் குடியிருக்கிறீர்கள் என்பதையும்தான் சொல்லச் சொல்வார்கள், விசாவைக் கேட்பதில்லை. வேலை விசாவில் இருப்பவரும் சொத்து வரி கட்டுகிறார், வாடகைக்கு இருப்பவரும் வாடகை வழியாக அதைக் கட்டுகிறார். மேரிலாந்தில் டகோமா பார்க் என்ற சிறிய நகரம் 1990-களிலிருந்து, குடியுரிமை இல்லாதவர்களையும் நகரத் தேர்தலில் ஓட்டுப் போட விடுகிறது. அது விதிவிலக்கு, எல்லா ஊருக்கும் பொருந்தாது.

குடியுரிமை வாங்கியவர்களுக்கு ஒன்று. வர்ஜீனியாவில் இந்த வாரியத் தேர்தல்கள் பெரும்பாலும் ஒற்றைப்படை வருடங்களில் வரும், ஜனாதிபதித் தேர்தலோடு சேராது. ஆரவாரம் இருக்காது, டிவியில் விவாதம் இருக்காது, ஓட்டுச்சாவடியில் வரிசையும் இருக்காது. லவுடனுக்கும் பிரின்ஸ் வில்லியத்துக்கும் அடுத்தது 2027 நவம்பர்.

அதற்குள் சாலையோரத்தில் எங்காவது காலி நிலத்துக்கு முன்னால் கவுன்டி நட்டுவைத்த அறிவிப்புப் பலகையைப் பார்த்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் விண்ணப்ப எண் இருக்கும். கவுன்டியின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடினால் யார், என்ன, எப்போது கூட்டம் என்று எல்லாம் வரும். எங்கள் தெருத் தம்பி இப்போது நடைப்பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் பலகை தேடுகிறார். போன வாரம் ஒன்றைக் கண்டுபிடித்துப் பரபரப்பாக அனுப்பினார். திறந்து பார்த்தேன், யாரோ நாய்க்குட்டி விற்கிறார்கள்.